மாணவர் குழப்பமும் ஆலோசகர் கடமையும்
(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பல்கலைக்கழகத்திற் குழப்பமென்று பத்திரிகையிற் கண்டவுடன், "படிக்கப் போனவர்களுக்கு இது என்ன வேலை?" என்று பெரியோர் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் விடை காணச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

1942 இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இற் பேராதனைக்குச் சென்றபோது மாணாக்கர் தொகை சிறிது, போதனை ஆங்கிலத்தில், பட்டம் பெற்றவரை உத்தியோகம் தேடி வந்தது. 1960 முதல் கலைப்பிரிவிற் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாயின. கிராமத்துப் பிள்ளைகள் திரளாக வந்தனர். அது பெரிய நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விடுதியறைகளும் தாய்மொழி நூல்களும் உத்தியோகங்களும் அவர்களோடு கூடி வளரவில்லை. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று அழைப்பர். தம்மை வெட்டுவதற்கென்றே ஓங்கிய வாள் என்பது கருத்து. அந்த ஒரு சொல்லில் அடங்கிய கசப்பை எந்த விசாரணைக்குழுவும் இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை.

1971 ஏப்ரில் மாதக் கிளர்ச்சியிற் சேர்ந்தோரிற் பலர் தாய்மொழியிற் கற்று வேலையற்றிருந்த கிராமத்து இளைஞரே. அதே காலத்தில், தமிழ்மொழியிற் பரீட்சை எழுதியோர் வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் கூடிய புள்ளி பெறவேண்டுமென வந்த தரப்படுத்தல் நம் வீடுகளில் மூட்டிய தீயைப்பற்றி இச்சபையில் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே, குழப்பத்துக்கெல்லாம் ஆலோசனையே மருந்தென்பாரோடு நான் உடன்படேன். அநீதிக்கு வேண்டியது பரிகாரம், தேற்றுரையன்று.

எனினும் வாய்விட்டுச் சொல்லமுடியாத துன்பம் வேறொன்றுண்டு. பகிடிவதையைக் குற்றமாக்கி 1998 இல் 20 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் தண்டிக்கும், ஆனால் முதலில் அடிபட்டவன் பேசவேண்டுமே! யாரிடம் பேசுவான்? பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர் இருக்கிறார்கள். அவர்களிற் பெரும்பாலார் விரிவுரையோடு இதனையும் சுமக்கும் ஆசிரியர்கள். பகிடிவதை செய்வோரைப் பிடிக்கவும் விசாரிக்கவும் அவர்களையே அனுப்புகிறோம். ஒரு கையில் மருந்து, மறு கையிற் பிரம்பு! அவ்வறைக்குள் நுழைந்த முதலாண்டு மாணவன் வெளியே வரும்போது 'காட்டிக் கொடுத்தவன்' ஆகிவிடுகிறான்.

நான் படித்தது கத்தோலிக்க மிஷன் பாடசாலை. சைவப் பிள்ளையாகிய எனக்குப் பாவசங்கீர்த்தனக் கூண்டினுள் வேலையில்லை. ஆனால் அங்கே குருவானவரிடம் சொன்னது எவர் காதுக்கும் போகாதென்பதைச் சிறுவயதிலேயே அறிந்திருந்தோம். ஆலோசகருக்கும் அந்த நம்பிக்கை வாய்க்கவேண்டும். கேட்பவர் வேறு, விசாரிப்பவர் வேறு என்று பிரித்தாலன்றி அது வாய்க்காது. வீட்டிலும் ஒரு தடையுண்டு: ஆலோசகரிடம் போனானென்றால், "பிள்ளைக்கு மூளையிற் கோளாறோ?" என்கிறோம்.

ருகுணைக்கும் மொறட்டுவைக்கும் போகிற நம் பிள்ளை தன் துன்பத்தை எந்த மொழியிற் சொல்வான்? பயிற்சி பெற்ற, தமிழறிந்த ஆலோசகர் ஒருவரேனும் அங்கே வேண்டும். அவர் பெயரும் அறையும் முதல்நாளே பிள்ளைக்குத் தெரியவேண்டும். இச்சங்கத்திற் பட்டதாரிகள் பலர் இருக்கிறீர்கள். இவ்வாண்டு புகுவோரை ஒரு மாலைப்பொழுது இம்மண்டபத்துக்கு அழையுங்கள். ஒன்றையும் மறைக்காமற் பேசுங்கள். "நாங்களும் பட்டோம், நீயும் படு" என்று மாத்திரம் சொல்லிவிடாதீர்கள்.