நம்மை எப்பெயரால் எழுதுவது?

நந்தி மலைப் பக்கத்தில் தோன்றும் பாலாறு, கோலார் மாவட்டத்தின் வழியே தமிழகம் நோக்கி இறங்கி வருகிறது. அதன் நீரைத் தேக்கி நிற்பது பேத்தமங்களா ஏரி. கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் வழங்கிய ஏரி அது. அவ்வேரிக் கரையில் ஒரு மாலை நாம் அமர்ந்திருந்தபோது, அன்பர் சிலர் ஆங்கில விண்ணப்பம் ஒன்றைக் கொணர்ந்தனர். தொடக்கப் பள்ளியில் தம் சிறுவர்க்குத் தமிழ் கற்பிக்க வேண்டும் என்பது அவர்தம் வேண்டுகோள். முதல் வரியிலேயே தம்மை 'இமிக்ரண்ட்ஸ்' என்று குறித்திருந்தனர். அவ்வொரு சொல் வேண்டுகோளின் வலிவைக் குறைத்துவிடும் என்று கூறினோம்.

ஏன் என்பதைச் சற்று ஆராய்வோம். ஒரு நாட்டை விட்டு நீங்குவோர் 'எமிக்ரண்ட்ஸ்'. பிற நாட்டினின்றும் வந்து குடியேறுவோர் 'இமிக்ரண்ட்ஸ்'. இந்தியக் குடிமகன் இந்தியாவின் எப்பகுதியிலும் வாழலாம் என்று அரசியலமைப்பின் 19ஆம் விதி உரிமை அளிக்கிறது. ஆதலின், மாநில எல்லையைக் கடந்தவரை அச்சொல்லால் அழைப்பது பொருந்தாது.

அங்ஙனமாயின் 'மைக்ரண்ட்ஸ்' எனலாமோ? 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் தொழில் தொடங்கிய பின், வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த பாட்டனார்க்கு அச்சொல் பொருந்தும். அங்கேயே பிறந்து, அங்கேயே வாழும் பேரனுக்குப் பொருந்தாது. மக்கள்தொகைக் கணக்கும் பிறந்த இடத்தையும், முன்பு வசித்த இடத்தையும் கொண்டே இதனை முடிவு செய்கிறது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்து இரவில் வீடு திரும்புவோர் பலர். அவர்களும் 'கம்யூட்டர்ஸ்' ஆவரேயன்றி 'மைக்ரண்ட்ஸ்' ஆகார்.

பழைய ஏடுகளில் காணப்படும் பிறிதொரு சொல் 'கூலிஸ்'. நம் மொழியில் கூலி என்பது உழைப்புக்குத் தரும் ஊதியம். ஆங்கிலச் சொல்லுக்கு இதனையே மூலமாகக் கருதுவாரும் உளர். ஊதியத்தின் பெயரை உழைப்பவன் மேல் ஏற்றி, ஆளை மறந்தது அவ்வழக்கு. 'ஒர்க்கர்ஸ்' என்னும் சொல்லில் அக்குறை இல்லை. ஆயின் அதுவும் தொழிலைக் குறிப்பதே, மொழியைக் குறிப்பதன்று.

அன்பருள் ஒருவர், "தமிழ்க் 'கம்யூனிட்டி' என்று எழுதினால் என்ன?" என்று வினவினார். உரையாடலில் அது தீதன்று. ஆயின், நம் நாட்டு அலுவலகங்களில் 'கம்யூனிட்டி' என்றவுடன் சாதிச் சான்றிதழே நினைவுக்கு வரும். பல சாதியினரும் பல சமயத்தினரும் ஒரே மொழியால் ஒன்றுபட்டு நிற்குமிடத்தில், அச்சொல் மயக்கந்தரும்.

எஞ்சியது 'லிங்குவிஸ்டிக் மைனாரிட்டி', அதாவது மொழிச் சிறுபான்மையினர். இதனைக் கேட்டதும் முதியவர் ஒருவர் முகஞ்சுளித்தார். "எங்கள் தெருவில் நாங்களே மிகுதி, நாங்கள் எப்படிச் சிறுபான்மையினர் ஆவோம்?" என்றார். நியாயமான வினாவே. தெருவையோ ஊரையோ வைத்து அதனைக் கணக்கிடுவதில்லை. மாநிலத்தையே அளவாகக் கொள்ள வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. எண்ணிக்கையைச் சுட்டும் அச்சொல்லில் இழிவு ஏதும் இல்லை.

அதனால் விளையும் பயனோ பெரிது. 1956இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, அரசியலமைப்பில் 350ஏ என்னும் விதி சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அவ்விதி. 'இமிக்ரண்ட்ஸ்' என்று எழுதினால் நாம் விருந்தினராய் நின்று இரக்கத்தை வேண்டுகிறோம். 'லிங்குவிஸ்டிக் மைனாரிட்டி' என்று எழுதினால் குடிமக்களாய் நின்று விதியை நினைவூட்டுகிறோம்.

முதியவர் சிறிது நேரம் ஏரியை நோக்கியிருந்தார். பின்னர்த் தம் கையாலேயே பழைய சொல்லை அடித்துப் புதியதை எழுதினார்.

மும்பையிலோ, டில்லியிலோ, ஆமதாபாதிலோ வாழும் நேயர்களே! நீங்களும் விண்ணப்பம் எழுத நேர்ந்தால், நம்மைக் குறிக்கும் சொல்லை முதலில் நோக்குங்கள். அடுத்த வீட்டாரின் மொழியைக் கற்று அவரோடு உறவாடுவது நம் கடமை; நம் பெயரைச் சரியாக எழுதுவதும் நம் கடமையே.