அரங்கு ஊருடையதாகட்டும்!

(இலுப்பைக்கடவையில் நடைபெற்ற ஊர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



கூத்துக்கும் நாடகத்துக்கும் இசைக்கும் இவ்வூரில் ஓர் அரங்கு வேண்டும் என்ற கோரிக்கை இக்கூட்டத்தின் முன் இருக்கிறது. வேண்டுமா, வேண்டாமா என்று வாதாட நான் எழுந்திருக்கவில்லை. மாதோட்டப் பாங்கு என்று தம் மண்ணின் பெயராலேயே ஒரு கூத்து மரபைப் பெற்றிருக்கும் மன்னார் மக்களிடம் அரங்கின் அருமையை விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களில் இம்மாவட்டத்து நாட்டுக்கூத்துகளைத் தேடி அச்சேற்றினார். அச்சேறியவை சில; அண்ணாவிமாரின் கொப்பியிலும் நெஞ்சிலும் தங்கியவை பல. 2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் இவ்வீதி வழியே வந்தபோது கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு ஓட எவருக்கு நேரமிருந்தது? ஆடத் தெரிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே இளைஞர் ஆடிப் பழக ஓரிடம் வேண்டும். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

ஆனால் எத்தகைய அரங்கு? அதை நடத்துபவர் யார்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காணாமல் அத்திவாரக் கல் நாட்டுவது தகாது.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். பொது நூலகத்தின் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. 1954இல் அடிக்கல் நாட்டி, சென்னைக் கட்டிடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்தின்படி, நூலக மேதை அரங்கநாதனின் ஆலோசனையுடன் எழுப்பி, 1959இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட கட்டிடம் அது. 1981இல் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிக்கப்பட்டு, மீண்டும் எழுந்து நிற்கின்றது. அதன் பக்கத்திலேதான் இந்தியாவின் நன்கொடையால் கலாசார மத்திய நிலையம் அமைந்தது. 2015இல் அடிக்கல், ஒரு கோடி அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட செலவு, அறுநூறு பேர் அமரும் மண்டபம், இரு தளங்களில் அரும்பொருட் காட்சிச்சாலை, பதினொரு மாடிக் கோபுரம். வேலை 2020 அளவில் முடிந்தது. ஆயினும் மக்கள் பாவனைக்கு அது கையளிக்கப்பட்டது 2023 பெப்ரவரியில்! இடையில் எழுந்த பெருங்கேள்வி என்ன தெரியுமா? மின்சாரம், குளிரூட்டி, காவல், துப்புரவு இவற்றுக்கெல்லாம் மாதாமாதம் பணம் கொடுப்பவர் யார் என்பதே. அச்சுமையை மாநகர சபையால் தாங்க இயலுமா என்ற ஐயம் நாடறிந்தது.

நான் அக்கட்டிடத்தைக் குறை கூறவில்லை. அதன் திறந்த முன்றல் தானே ஒரு மேடையாகப் பயன்படும் என்பது போற்றத்தக்க எண்ணம். நூலகத்தின் வெண்ணிறக் குவிமாடத்தின் அருகே பதினொரு மாடி உயரம் அவசியந்தானா என்பது மட்டும் என் மனத்தில் நீங்காத கேள்வி. பின்னர் 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது, யாழ்ப்பாணம் என்ற சொல் விடுபட்டதென்று மக்கள் கொதித்தெழவில்லையா? வள்ளுவரை மறுத்தவர் எவருமில்லை. எங்களைக் கேளாமல் எங்கள் ஊர்ப் பெயரை எடுக்கலாமா என்பதே கேள்வி. ஊர்ப் பெயர் பின்பு சேர்க்கப்பட்டது. பிறர் பணத்தில் எழுந்த கட்டிடத்துக்குப் பெயரிடும் உரிமைகூட எளிதில் நம் கைக்கு வருவதில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் கர்நாடகத்தில் உண்டு. ஹெக்கோடு என்பது பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். அங்கே 1949இல் ஊரார் ஒரு நாடகச் சங்கம் தொடங்கினர். நீநாசம் என்பது அதன் சுருக்கப் பெயர். அதை வளர்த்த சுப்பண்ணா அவர்களும் பாக்குச் செய்கையாளரே. 1980இல் அங்கே நாடகப் பள்ளி தொடங்கிற்று; 1991இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அங்கே சங்கம் முந்தியது, கட்டிடங்கள் பிந்தின. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகவே செய்கிறோம்.

இனி, நமக்கு ஏற்றது எது? பழைய கட்டிடம் ஒன்றின் பக்கத்தில் சிறிதாக ஓர் அரங்கு அமைப்பதே என் யோசனை. பழைய பள்ளிக்கூட மண்டபமோ, சங்கக் கடையோ, சனசமூக நிலையமோ, எது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ஒப்பனை அறையும், உடுப்புப் பெட்டியும், மத்தளமும், கொப்பிகளும் பழைய கட்டிடத்துக்குள் இருக்கட்டும். புதிதாகக் கட்ட வேண்டியவை ஒரு மேடையும், அதன் மேல் ஒரு கூரையுமே. சபையோர் முற்றத்து மணலில் பாயில் அமர்வர். நம் பாட்டன்மார் விடிய விடியக் கூத்துப் பார்த்தது கதிரையிலா?

மேடை பழைய கட்டிடத்தின் கிழக்குப் பக்கத்தில் அமைவது நன்று. பிற்பகல் வெயிலைப் பழைய சுவரே மறைக்கும்; சோளகக் காற்று ஆடுவோரின் முதுகுப்புறமாக வந்து பாட்டைச் சபையிடம் கொண்டு சேர்க்கும். மாரியில் ஆட்டமில்லை, கமக்காரர் வயலில் நிற்பர். காலபோக அறுவடை முடிந்த பின்புதான் கூத்து என்றால் நாற்புறமும் சுவர் எதற்கு?

கொத்தனாரிடம் மூன்று விடயங்களில் கண்டிப்பாக இருங்கள். பழைய அத்திவாரத்தை ஒட்டிக் கிடங்கு வெட்ட விடாதீர்கள். பழைய சுவர் வெடிக்கும். புதிய கூரையைப் பழைய சுவரில் ஏற்றாமல் தனித் தூண்களில் நிறுத்துங்கள். பீலித் தண்ணீரும் அச்சுவரில் விழலாகாது. கடல் மணல் மலிவென்று கொங்கிறீற்றில் கலக்காதீர்கள். உப்பு இரும்பைத் தின்றுவிடும். வைரம் பாய்ந்த பனை வளையும் பனஞ்சிலாகையும் ஓடும் போதுமானவை. பழுதானால் உள்ளூர்த் தச்சரே திருத்துவார். கொழும்பிலிருந்து ஆள் அழைக்க வேண்டியதில்லை.

இப்பொழுது என் தொழிலுக்குரிய விடயத்துக்கு வருகிறேன். “கட்டுங்கள் தம்பி” என்று ஒருவர் வாய்ச்சொல்லால் தந்த காணியில் கட்டாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன் எழுதாத காணிக் கைமாற்றம் செல்லாது. தந்தவர் நல்லவராயிருக்கலாம்; அவர் பேரன் வேலி போட வருவான். அரச காணியாயின் எழுத்தில் அனுமதி பெறுங்கள். நன்கொடைக் காணியாயின் ஒருவர் பெயருக்கு எழுதாமல், நம்பிக்கைப் பொறுப்பாளர் பலர் பெயரில் அறக்கட்டளையாக எழுதுங்கள். அதற்கு 1917ஆம் ஆண்டிலேயே சட்டம் உண்டு.

உறுதியைவிடக் கடினமான விடயம் திறப்பு. அது யார் வீட்டில் தொங்கும்? பொது இடத்தில் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் வந்தது. ஆனால் “திறப்பு வைத்திருப்பவர் ஊரில் இல்லை” என்ற ஒரு சொல்லுக்கு எந்தச் சட்டம் உண்டு? சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் மூவரும் வாழும் மாவட்டம் இது. மேடை ஒரு தெருவாருடையதாகவோ ஒரு கோயிலாருடையதாகவோ ஆகிவிட்டால், மற்றவர்கள் தமக்கென வேறு மேடை கட்டுவர். இரண்டும் பூட்டிக் கிடக்கும். ஆகவே திறப்பு ஆண்டுதோறும் கை மாற வேண்டும். மாதர் சங்கத்திடமும் ஒன்று இருக்க வேண்டும். வாடகையும் முன்பதிவும் எல்லோரும் காணும்படி சுவரில் எழுதப்பட வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு சொல். அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு ஒரு மரைக்கால் நெல் சேர்த்தாலும் மின்கட்டணமும் ஓடு மாற்றும் செலவும் அடங்கும்படி அரங்கைச் சுருக்குங்கள். அந்நெல்லால் பராமரிக்க முடியாத எதையும், வெளிநாட்டிலுள்ள நம் பிள்ளைகள் இலவசமாகத் தந்தாலும், இப்போதைக்கு வேண்டாமென்று சொல்லுங்கள். அவர்கள் பணம் மேடைக்கும் கூரைக்கும் வரட்டும்; நன்றியோடு ஏற்போம்.

சங்கத்தின் யாப்பை நானே ஊதியமின்றி எழுதித் தருகிறேன். அதற்கு முன் இரண்டு காரியங்கள் உங்களால் ஆக வேண்டும். எந்தக் கட்டிடம் என்பதை இன்றிரவே கைகளை உயர்த்தித் தீர்மானியுங்கள். அக்காணியின் பத்திரங்களை ஞாயிற்றுக்கிழமைக்கு முன் என்னிடம் சேர்ப்பியுங்கள்.