"என்னால் முடியும்" என்று பிள்ளை சொல்லட்டும்



பாடசாலையிலிருந்து பிள்ளை ஒரு படிவம் கொண்டுவருகிறது. மூன்று கிழமை மலையிலும் காட்டிலும் பயிற்சி, பெற்றோர் கையொப்பம் தேவை என்று இருக்கிறது. எங்களில் பலர் அதை மடித்து வைத்துவிடுவோம். "முகாம்" என்ற சொல்லே எங்களுக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவரும். உயிருக்குப் பயந்து இரவில் காடு கடந்தவர்கள் பிள்ளையை விரும்பி அங்கே அனுப்புவார்களா? தயக்கம் நியாயமானதே. ஆனாலும் விசயத்தை அறிந்த பிறகு முடிவெடுப்போம்.

மலையேறி கிரேம் டிங்கிளும் ஜோ-ஆன் வில்கின்சனும் 1995இல் நியூசிலாந்தில் தொடங்கிய திட்டம் "புரொஜெக்ட் கே". பத்தாம் ஆண்டு மாணவருக்கானது. அதாவது 14, 15 வயதுப் பிள்ளைகள். முதலில் மூன்று கிழமை நடைப்பயணமும் கூடாரமும். அடுத்து, சொந்த ஊரில் என்னென்ன சேவைகள் உண்டு என்று அறிந்து சமூகப்பணி செய்தல். பிறகு ஓராண்டுக்கு, பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் துணையாக இருந்து, பிள்ளை தானே வகுத்த இலக்குகளை அடைய உதவுவார்.

"என்ர பிள்ளைக்கு என்ன குறை, ஏன் தெரிவு செய்தார்கள்?" என்று சிலர் கேட்பதுண்டு. இது குழப்படிக்காரருக்கான தண்டனை அல்ல. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை குறைந்த பிள்ளைகளைக் கேள்விக்கொத்து மூலம் கண்டு அழைத்தார்கள். "எங்கட பிள்ளை நல்ல அமைதி" என்று நாங்கள் பெருமைப்படும் பிள்ளையும் அதில் ஒருவராக இருக்கலாம்.

பலன் உண்டா? ஒக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தகுதியான மாணவர்களைச் சீட்டுக்குலுக்கல்போல இரு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். முடிவு 2017இல் வெளிவந்தது. திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குப் படிப்பிலும் பிறரோடு பழகுவதிலும் தன்னம்பிக்கை கூடியிருந்தது.

உங்கள் பிள்ளையின் பாடசாலையில் இதுவோ இதுபோன்ற வேறொன்றோ உண்டா என்று விசாரியுங்கள். படிவம் வந்தால் பொறுப்பாசிரியரைச் சந்தியுங்கள். யார் கூடப் போகிறார்கள், பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கூடாரமா, மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எல்லாவற்றையும் கேளுங்கள். ஆங்கிலம் தடையென்றால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். அந்த வேலையைப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

நான் தொழிலால் கணக்காளன். கடனை மட்டும் எழுதிச் சொத்தை எழுதாமல் விட்டால் அது கணக்கே அல்ல. பிள்ளைகளின் மதிப்பெண் அறிக்கையை நாங்கள் அப்படித்தான் வாசிக்கிறோம். குறைந்த புள்ளி உடனே கண்ணில் படும். வைத்தியரிடமும் வங்கியிலும் எங்களுக்காகப் பேசுகிற, தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்கிற திறமை எந்த அறிக்கையிலும் வராது. அதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்வதற்குப் படிவமும் வேண்டாம், கையொப்பமும் வேண்டாம். இன்றிரவே சொல்லலாம்.