காத்திருக்க வேண்டாம், கற்றுக்கொள்வோம்

(சிறு குழந்தைகளின் பெற்றோருக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், மூத்த மகளுக்குக் கல்வி உதவி கேட்டு மயிலாப்பூரிலிருந்து ஒரு தாய் வந்தார். இடுப்பில் இருந்த இரண்டு வயது மகனைக் காட்டி, "பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டேங்கிறான்" என்றார். "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும். துஆ செய்யுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றரை ஆண்டு வீணாகிவிட்டது. துஆவும் செய்யலாம், மருத்துவரிடமும் போகலாம். அதை நாங்கள் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

எதைக் கவனிக்க வேண்டும்? ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாதது, ஒன்றரை வயதுக்குள் ஒரு சொல்லும் வராதது, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாதது, பேசிய சொற்கள் திடீரென நின்றுபோவது. இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இந்த அறிகுறி இருந்தாலே ஆட்டிசம் என்று முடிவுகட்ட வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

நம் பகுதியிலேயே நல்ல மையங்கள் இருக்கின்றன. தி.நகரில் மதுரம் நாராயணன் மையம் 1989 முதல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக இயங்குகிறது. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் 1985-இல் தொடங்கப்பட்டது. ஆனால் மையத்தில் பிள்ளை இருப்பது வாரத்தில் சில மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் உங்களோடுதான். அதனால்தான் பெற்றோருக்குப் பயிற்சி தேவை என்கிறோம்.

இதற்குச் சான்றும் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரிய நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைப் படம் பிடித்து, பிறகு அவர்களோடு உட்கார்ந்து பார்த்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பேசப் பழகினார்கள். பிள்ளைகளும் தாமாகவே பேச்சுக்கும் விளையாட்டுக்கும் முன்வருவது கூடியது. உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய குடும்பங்களுக்கான பயிற்சியை 2022-இல் இணையவழியாகவும் வெளியிட்டது.

என்ன சொல்லித் தருகிறார்கள்? பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தரையில் உட்காருங்கள். அவன் காரை உருட்டினால் நீங்களும் உருட்டுங்கள். "இது என்ன, அது என்ன" என்று கேள்வி கேட்காமல், அவன் பார்ப்பதன் பெயரைச் சொல்லுங்கள். குளிப்பாட்டும்போது ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவன் உங்களைப் பார்த்தாலோ, கையை நீட்டினாலோ, ஒரு சத்தம் கொடுத்தாலோ, அதுதான் அவன் பேச்சு. "தண்ணி!" என்று சொல்லி உடனே ஊற்றுங்கள். குளியல், சாப்பாடு, உடை மாற்றுவது என்று தினமும் நடக்கும் வேலைதான் பாடம்.

வீட்டில் உருது பேசுகிறவர்கள் கேட்கிறார்கள்: "ரெண்டு பாஷையாலதான் குழம்புறானா? உருதுவை விட்டுடட்டுமா?" வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இந்தத் தாமதம் வருவதில்லை. நீங்கள் சிரித்துக் கொஞ்சுவது எந்த மொழியிலோ, அதிலேயே பேசுங்கள்.

இணையவழிப் பயிற்சியில் நமக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டியதில்லை. சவூதியிலோ துபாயிலோ வேலை பார்க்கும் தகப்பனாரும் அங்கிருந்தே சேரலாம். இதைத் தாயின் வேலை என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். "நீ சரியா வளர்க்கல" என்று மருமகளைக் குறை சொல்லும் பெரியவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இது யாருடைய வளர்ப்பாலும் வருவதல்ல.

ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்கு போன் வேண்டும், ஆனால் பிள்ளையை அமைதிப்படுத்த அதே போனைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். பயிற்சி முடிந்ததும் அதை எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்காருங்கள். இந்தப் பயிற்சி மருத்துவருக்கோ தெரபிஸ்டுக்கோ மாற்றும் அல்ல. முழுதாகக் குணமாக்குகிறோம் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

வீட்டில் இணைய வசதி இல்லாதவர்கள் எங்கள் அலுவலகத்தில் வந்து பயிற்சியைப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது, பெயரையும் வெளியே சொல்ல மாட்டோம். முன்பு சொன்ன அந்தத் தாய் இன்று இங்கே வந்திருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானிதம். சந்தேகம் வந்த அன்றே வாருங்கள். இனி யாரையும் நாங்கள் காத்திருக்கச் சொல்ல மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.