ஸ்ரீபுரந்தான் நடராசரை யார் பார்ப்பது?

(கல்லங்குறிச்சியில் ஆற்றிய உரை)



நம் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவு போன சோழர்கால நடராசரை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் சுபாஷ் கபூர். 2014இல் அந்நாட்டுப் பிரதமர் டோனி அபாட் அதை மோடியிடம் ஒப்படைத்தார். எனக்கும் மகிழ்ச்சிதான், திருட்டு திருட்டுதானே.

ஆனால் வந்தவரைக் கும்பகோணம் சிலைப் பாதுகாப்பு மையத்தில் வைத்துப் பூட்டினார்கள். கான்பெராவில் எவரும் கிட்டே போய்ப் பார்த்த சிலையை நாம் செய்தித்தாளில்தான் பார்த்தோம்.

"கோயிலிலேயே வையுங்கள்" என்கிறார்கள். எந்தக் கோயிலில்? நாம் உள்ளே போகவே 1947இல் சட்டம் போட வேண்டியிருந்தது. யார் எங்கே நிற்பது என்பது பல ஊர்களில் இன்றும் தகராறு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நிற்க நுழைவுச்சீட்டு போதும். எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை.

அதற்காக அருங்காட்சியகம் சாதி கடந்த இடம் என்று நான் சொல்லவில்லை. சிலைக்குக் கீழே பெரும்பாலும் என்ன எழுதியிருக்கிறது? பெயர், ஊர், நூற்றாண்டு. செய்த கை எங்கே? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கம்மாளர் குடியிருந்த கம்மாணசேரியைச் சொல்கிறது. பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. ராஜராஜன் பெருமை பேசுகிறவர்கள் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

பக்கத்து வாரணவாசியில் புதைபடிவங்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. நம் சிலைகளுக்கும் அரியலூரில் ஒன்று கேட்போம். காவல் போடட்டும், கண்ணாடி போடட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கூடாது. பலகையில் அந்தச் சேரிகளின் பெயரும் இருக்க வேண்டும்.