அறுபதைத் தாண்டி அல்ட்ரா ஓட்டம்
(நம் சங்கத்தின் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மராத்தான் 42.195 கி.மீ.; அதற்கு மேல் ஓடினால் அல்ட்ரா. "அறுபத்து நாலு வயசுல இது எதுக்குங்க?" என்று லிஃப்டில் கேட்கிறீர்கள்.

1983ல் ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு 875 கி.மீ. போட்டி. ஜெயித்தது கிளிஃப் யங், 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி. மற்றவர்கள் தூங்கிய நேரத்திலும் அவர் மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தார். ஐந்தே முக்கால் நாளுக்குள் முடித்துவிட்டார். நமக்கு வேண்டியது அந்த மெதுவோட்டம்தான்.

முதலில் இதய டாக்டரிடம் டிரெட்மில் டெஸ்ட். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லிக் கேளுங்கள். நீண்ட ஓட்டம் வாரம் ஒன்று போதும், மறுநாள் நடை. நம் வயதில் தசை தேற நாளாகும். ஏற்காடு பாதையின் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, ஏறும்போது கூச்சப்படாமல் நடங்க. தொடையைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். மணிக்கணக்கில் ஓடும்போது வெறும் தண்ணீரையே குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் குறையும், உயிருக்கே ஆபத்து. தாகத்துக்கு மட்டும் குடியுங்கள், உப்பு போட்ட மோரும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெரிய பயம் வண்டிகள்தான். 89 வயதில் லண்டன் மராத்தான் ஓடிய ஃபௌஜா சிங், 2025 ஜூலையில் பஞ்சாபில் சாலையைக் கடக்கையில் கார் மோதி இறந்தார். அதனால் எதிரே வண்டி வரும் வலது ஓரமாகவே ஓடுங்கள். ஒளிரும் ஜாக்கெட் கட்டாயம், இயர்போன் வேண்டாம்.

ஞாயிறு காலை 5 மணிக்கு கேட்டில் நிற்பேன். நடக்க மட்டும் வருபவர்களும் வரலாம்.