அந்தியில் திறக்கும் கதவு



'பயணமும் இலக்கியமும்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்தார்கள். கடலைக் கையால் அள்ளச் சொன்னது போலாயிற்று. எனவே, அப்பெரும் பொருளில் ஒரு சிறு பொழுதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கதிர் சாய்ந்தபின், முன்பின் அறியாத ஊரில், ஓர் ஆணும் பெண்ணும் 'இன்றிரவு எங்கே தங்குவது?' என்று நிற்கும் பொழுது அது. அவர்கள் மிதிவண்டியில் வந்தவர்கள். மகிழுந்தில் வந்தவர்க்கு அடுத்த ஊர் அரை மணித் தொலைவு. மிதிவண்டியில் வந்தவர்க்கோ கால் ஓய்ந்த இடமே ஊர்.

அமெரிக்காவில் 1859-இல் பிறந்த ஃபேனி புல்லக் வொர்க்மன் என்னும் அம்மையாரும், அவர் கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்னும் மருத்துவரும், 1897-ஆம் ஆண்டின் இறுதியில் கீழை நாடுகளை நோக்கி மிதிவண்டிப் பயணம் தொடங்கினர். அல்ஜீரியாவையும் ஸ்பெயினையும் முன்னரே அவ்வாறு சுற்றி, நூலும் எழுதியவர்கள். இலங்கை, பர்மா, இந்தியா என ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள். நம் தென்கோடியிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை. 1904-இல் வெளிவந்த அவர்களுடைய நூலின் துணைத் தலைப்பிலேயே பதினான்காயிரம் மைல் என்னும் கணக்கு இருக்கிறது. நம் அளவையில் 22,500 கிலோமீட்டர்! பின்னாளில் அவ்வம்மையார் இமயத்தின் பனியாறுகளில் ஏறி, 1912-இல் சியாச்சின் பகுதியில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் அறிவிப்பைக் கையிலேந்திப் படம் எடுத்துக்கொண்டார். அவ்வீரம் இன்று நம் பொருளன்று. அவர் எங்கே உறங்கினார் என்பதே என் வினா.

தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டப்பாவில் அடைத்த இறைச்சி, தண்ணீர், மருந்து, எழுதுபொருள், ஆளுக்கொரு போர்வை, தலையணை. இவ்வளவையும் சுமந்து சென்றார்கள். (தலையணையை விட மனம் வராத அந்த வீரர்கள்மீது எனக்குத் தனி அன்பு உண்டு.) உணவு கிடைக்க வேண்டும் என்பதற்காக இருப்புப் பாதையை ஒட்டிய பெருஞ்சாலைகளையே பற்றிச் சென்றார்கள். வேறிடம் வாய்க்காத இரவுகளில் புகைவண்டி நிலையத்துப் பயணியர் அறையே படுக்கையறை. எலிகள் ஓடும் இடங்களிலும் படுத்தார்கள். ஒரே நாளில் நாற்பது முறை வரை சக்கரத்தில் காற்றிறங்கி ஒட்டுப் போட்டதும் உண்டு.

இத்தனை துன்பத்துக்குப் பின் எழுந்த நூலில் நிறைந்திருப்பவை யாவை? கோயில்கள், தூண்கள், சிற்பங்கள். அம்மையார் நம் இதிகாசங்களையும் புத்தசாதகக் கதைகளையும் நன்கு கற்றவர். கட்டடக் கலையை ஆர்வத்தோடு எழுதுகிறார். ஆனால் அன்று அக்கோயில்களைச் சுற்றி வாழ்ந்த மனிதர்கள் அந்நூலில் அத்துணை இடம் பெறவில்லை. ஆள்வோர் இனத்தவர் என்னும் உயர்வு மனப்பான்மையே காரணம் என்று ஆய்வாளர் கூறுவர். அதனை நான் மறுக்கவில்லை. எனினும் எனக்கு வேறொரு காரணமும் தோன்றுகிறது. பயணியர் அறையில் உறங்குபவனுக்கு விருந்தளிப்போர் இல்லை. எவர் அடுப்பருகிலும் அமராதவர் எவரைப் பற்றி எழுத முடியும்?

இதனை நம் ஆற்றுப்படை நூல்களோடு வைத்துப் பாருங்கள். பாணனும் விறலியும் சுற்றத்தோடு வழி நடக்கிறார்கள். நடந்து களைத்த விறலியின் பாதத்துக்கு இளைத்த நாயின் நாவை உவமை சொன்னார் சிறுபாணாற்றுப்படையின் ஆசிரியர் நல்லூர் நத்தத்தனார். அதே நூல் எயிற்பட்டினத்தில் நுளையர் தரும் கள்ளையும் சுட்ட மீனையும், வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோற்றையும், ஆமூரில் உழவர் மனையில் கிடைக்கும் வெண்சோற்றையும் நண்டுக் கறியையும் வரிசையாகச் சொல்கிறது. நல்லியக்கோடன் அரண்மனை கடைசியில்தான் வருகிறது. நிலமும் மனிதரும் அந்நூலுக்குள் வந்து சேர்ந்தது உணவின் வழியாகவே.

ஆற்றுப்படை நூல்களே என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். ஆய்வேட்டில் இப்பகுதியை 'விருந்தோம்பல்' என்னும் தலைப்பிட்டு நான்கே பக்கங்களில் முடித்துவிட்டேன். அதனை இன்று எழுதினால் வேறாக எழுதுவேன். காரணம், ஒரு சொந்த அனுபவம்.

2008-ஆம் ஆண்டு, மணமான மறு ஆண்டில், நானும் என் கணவரும் தஞ்சையிலிருந்து இராமேசுவரத்துக்கு மிதிவண்டியில் புறப்பட்டோம். இரண்டாம் சரபோசி மன்னர் 1802-இல் தம் அன்புக்குரிய முத்தாம்பாள் பெயரால் ஒரத்தநாட்டில் எழுப்பிய சத்திரத்தைக் காண வேண்டும் என்பது என் விருப்பம். கண்டோம். அன்று மாலை கடற்கரை ஊர் ஒன்றை அடைந்தபோது இருட்டிவிட்டது. விடுதிக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "கார் எங்கே?" என்றார். மிதிவண்டிகளைக் காட்டினோம். திருமணச் சான்று இருக்கிறதா என்றார். தாலியை எடுத்துக் காட்டும் எண்ணம் எனக்கு வந்தது, வந்ததற்காக நாணினேன், காட்டவில்லை. அறை இல்லை என்று சொல்லிவிட்டார்.

இத்தகைய மறுப்பு நமக்கு மட்டும் உரியதன்று. 1898-இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், ஹார்பர்ட்டன் சீமாட்டி என்பவர் மிதிவண்டி ஓட்ட வசதியாகக் கால்சட்டை போன்ற உடை அணிந்து சென்றதனால், ஹாட்பாய் என்னும் விடுதியின் சிற்றுண்டி அறையில் இடம் மறுக்கப்பட்டார். மதுக்கூடத்தை ஒட்டிய அறைக்குப் போகலாம் என்றார்களாம். 1878-இல் தொடங்கப்பெற்ற மிதிவண்டிப் பயணியர் கழகம் வழக்குத் தொடுத்தது. 1899-இல் விடுதிக்காரப் பெண்மணி குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. வாயிலில் நின்றவளும் பெண். வாயிலை அடைத்தவளும் பெண். 1993-இல் மிதிவண்டிப் பயணிகளுக்குத் தம் வீட்டில் ஓரிரவு இடம் தருவோர் ஓர் அமைப்பைத் தொடங்கி, 'வெந்நீர்க் குளியல்' என்னும் பொருளில் வார்ம் ஷவர்ஸ் என்று பெயரிட்டார்கள். பெயர் வைத்தவர் நாள் முழுதும் வண்டி மிதித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். விடுதியை விட்டு வெளியே வந்து சாலையோரம் நின்றோம். எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த முதிய அம்மாள் கடையை அடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். "ஏம்மா, அங்கேயே நிக்கிறே? உள்ளே வா. தம்பி, வண்டி ரெண்டையும் முத்தத்துல சாத்து" என்றார். யார், எவர், எந்த ஊர் என்று ஒரு சொல் கேட்கவில்லை. முதலில் கேட்டது, "காலுக்கு வெந்நீர் வைக்கவா?" என்பதுதான். பிறகு சோறும், மத்தியானத்து மீன் குழம்பும். கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்துவிட்டு அவர் அடுக்களை வாயிலில் படுத்துக்கொண்டார். விளக்கை அணைத்தபின் நெய்தல் நிலத்து நுளையர் மனை எனக்கு நினைவுக்கு வந்தது. அதுவரை அதனைப் பாடமாகவே நடத்தி வந்திருக்கிறேன்.

இவ்வுரைக்காக அப்பயணத்தின் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். முத்தாம்பாள் சத்திரத்தின் முகப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். விடுதிக்காரரைப் பற்றிச் சினத்தோடு அரைப் பக்கம். அதன்கீழ் ஒரே ஒரு வரி: 'இரவு ஒரு வீட்டில் தங்கினோம்; குழம்பு காரம்.' வொர்க்மன் அம்மையாரைக் குறைகூறிய நான், அந்த அம்மாளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.